மாயனும் மயனும் ஒருவரா?

சேத்தூரில் ஒரு தாத்தா. அவருக்கு ஒரு பேரன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். மாலை நேரத்தில் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தாத்தா! மெக்சிகோவிலே பெரிய பெரிய கோவில் கட்டின மாயன்கள் நம்ம தமிழர்கள்தானாமே?"

"யாருடா சொன்னது?"

"செல்போன்லே ஒருத்தர் சொன்னார். அந்தக் கோவிலையும் காட்டினார். நம்ம கோவில் மாதிரியேதான் இருந்தது!"

"அப்படியா! நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்கதான்" என்கிறார் தாத்தா. மீசையை ஒரு தடவை நீவி விட்டுக்கொள்கிறார்.

பேச்சு முடிந்தது. ஆனால் விஷயம் முடியவில்லை!

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது சேத்தூர். அங்கிருந்து மாயன்கள் நாட்டுக்குச் சுமார் 10 ஆயிரம் மைல். நடுவே பெருங்கடல்கள்.

இந்தக் கடல்களைத் தாண்டி ஆதிகாலத்தில் தமிழன் அங்கே போனானா? அல்லது மாயன் இங்கே வந்தானா?

யார் இந்த மாயன்கள்?

மெக்சிகோ நாட்டின் தென்பகுதி, குவாதமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடார். இந்தப் பகுதிகள்தான் மாயன்களின் தாயகம்.

காட்டின் நடுவே நகரங்கள் கட்டினார்கள். கல்லிலே எழுத்து வெட்டினார்கள். நட்சத்திரங்களைப் பார்த்து நாள் கணக்குப் போட்டார்கள்.

நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அவர்கள் இருபது இருபதாக எண்ணினார்கள். ஒரு புள்ளி வைத்தால் ஒன்று. ஒரு கோடு போட்டால் ஐந்து. சைபருக்கும் ஒரு அடையாளம் வைத்திருந்தார்கள். அது சிப்பி போல இருக்கும்!

கி.பி. 250 முதல் 900 வரை அவர்களுடைய பொற்காலம். பிறகு தெற்கே இருந்த நகரங்கள் பல காலியாகிவிட்டன. அதற்கும் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயின் நாட்டார் வந்தார்கள். 1562இல் தீகோ தெ லாந்தா என்ற பாதிரியார் மாயன்களின் ஏடுகளை நெருப்பில் போட்டுக் கொளுத்தினார். இன்று மிஞ்சி இருப்பவை நான்கே நான்கு ஏடுகள்! (ஓலைச்சுவடிகளைக் கறையானுக்குக் கொடுத்த நமக்கு அந்த வேதனை புரியும்.)

"மாயன்கள் மாயமாய் மறைந்துவிட்டார்கள்" என்று சிலர் கதை சொல்வார்கள். அது தவறு.

அவர்கள் மறையவில்லை. பல லட்சம் பேர் இன்றும் அதே மண்ணில் வாழ்கிறார்கள். சுமார் 30 மாயன் மொழிகளைப் பேசுகிறார்கள். 1992இல் உலக சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றாரே ரிகோபெர்தா மென்சூ என்ற பெண்மணி, அவர் குவாதமாலாவைச் சேர்ந்த மாயன் இனத்தவர்தான்.

"உலகம் அழியப்போகிறது"

2012 டிசம்பர் 21ந்தேதியை நினைவிருக்கிறதா? "அன்று உலகம் அழிந்துவிடும், மாயன் காலண்டர் சொல்கிறது" என்று உலகமெல்லாம் ஒரே பரபரப்பு.

அன்று ஒன்றும் அழியவில்லை. மாயன்களின் நாள் கணக்கில் ஒரு பெரிய சுற்று முடிந்தது. அடுத்த சுற்று தொடங்கியது. அவ்வளவுதான். நம் வீட்டுக் காலண்டரில் டிசம்பர் தாளைக் கிழித்தால் ஜனவரி வருகிறதே, அந்த மாதிரி!

அந்தப் பரபரப்பினால் ஒரு விளைவு உண்டு. மாயன் என்ற பெயர் நம் ஊர் டீக்கடைகள் வரை வந்து சேர்ந்தது.

மயன் என்ற தச்சன்

மாயன் என்ற பெயரைக் கேட்டதும் தமிழனுக்கு மயன் நினைவு வருவது இயல்பு.

மயன் யார்? தெய்வத் தச்சன். பாண்டவர்களுக்கு மாய மண்டபம் கட்டிக்கொடுத்தவன் என்று மகாபாரதம் சொல்கிறது. சிலப்பதிகாரத்திலும் அவன் பெயர் வருகிறது. "மயமதம்" என்று ஒரு சிற்ப நூலே அவன் பெயரில் இருக்கிறது. அது சோழர் காலத்தை ஒட்டி எழுதப்பட்டது என்பது அறிஞர்கள் கருத்து.

"இந்த மயனும் அந்த மாயனும் ஒரே வழி வந்தவர்கள்" என்று உறுதியாக நம்பிய பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் சாதாரண மனிதர் அல்ல.

கன்னியாகுமரிக் கடலிலே 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறாரே, அந்தச் சிலையை வடித்தவர். பெயர் வை. கணபதி ஸ்தபதி. பிள்ளையார்பட்டியில் பிறந்தவர். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். 2009இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2011இல் காலமானார்.

அவர் மெக்சிகோவுக்கும் பெரு நாட்டுக்கும் நேரிலேயே போனார். பழைய கட்டிடங்களை அளந்து பார்த்தார். "நம் சிற்ப நூல் சொல்லும் அளவுகள் இங்கே இருக்கின்றன" என்று கூறினார்.

கல்லை அறிந்தவர் சொன்ன வார்த்தை. அதனால்தான் பலரும் நம்பினார்கள்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அங்குலம், சாண், முழம் எல்லாம் எங்கிருந்து வந்தன? மனிதனுடைய விரலிலிருந்தும் கையிலிருந்தும் வந்தன. எகிப்தியனும் முழம் போட்டுத்தான் பிரமிடு கட்டினான். கை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கும்போது, முழமும் ஏறக்குறைய ஒன்றாகத்தானே இருக்கும்?

பெயர் எப்படி வந்தது?

"சரி, பெயர் ஒன்றாக இருக்கிறதே!" என்பீர்கள்.

யுகாத்தான் என்ற பகுதியில் மாயபான் என்று ஒரு நகரம் இருந்தது. ஸ்பெயின்காரர்கள் வருவதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்னே அது அழிந்துவிட்டது. மாயன் என்ற பெயர் அந்த ஊர்ப் பெயரை ஒட்டி வழங்கியது. அங்கே இருந்த எல்லா மக்களையும் சேர்த்து "மாயன்கள்" என்று அழைப்பது பிற்காலத்து வழக்கம். திக்கால், பலேங்கே நகரங்களைக் கட்டியவர்கள் தங்கள் இனம் முழுவதற்கும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை.

அவர்களுடைய கல்லெழுத்தை இப்போது படிக்க முடிகிறது. 1952இல் யூரி நோரோசோவ் என்ற ரஷிய அறிஞர் அதற்கு வழி கண்டுபிடித்தார். கல்லெழுத்தில் அரசர்கள் பெயர் இருக்கிறது. போர் இருக்கிறது. பிறந்த நாள், பட்டம் கட்டிய நாள் எல்லாம் இருக்கின்றன. மொழி மாயன் மொழி. தமிழ் அல்ல.

இன்னொன்றும் சொல்வார்கள். மாயன்களின் நாள் கணக்கு கி.மு. 3114இல் தொடங்குகிறது. நமது கலியுகம் பிறந்தது கி.மு. 3102. வித்தியாசம் 12 ஆண்டுகளே!

கேட்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் யாரும் உட்கார்ந்து நாள் குறித்து வைக்கவில்லை. இரண்டுமே பிற்காலத்தார் பின்னோக்கிப் போட்ட கணக்கு. கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தனக்கு வயது 23 என்று ஆரியபட்டர் எழுதினார். அது கி.பி. 499. மாயன் நாட்டுப் பக்கம் அந்த நாள் கணக்குடன் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளே கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவைதான்.

யானையா, கிளியா?

ஹோண்டுராஸ் நாட்டில் கோபான் என்று ஒரு மாயன் நகரம். அங்கே ஒரு கல்தூண். அதன் உச்சியில் நீண்டு வளைந்த மூக்குடன் இரண்டு உருவங்கள்.

"இது யானை! பக்கத்தில் இருப்பவன் பாகன்! இந்தியாவிலிருந்து வந்தவர்கள் செதுக்கியது!" என்று எலியட் ஸ்மித் என்ற பேராசிரியர் 1924இல் ஒரு புத்தகமே எழுதினார்.

யானை எப்படி இருக்கும் என்று சேத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையடிவாரத் தோப்புகளில் இறங்கித் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகிற பிராணி அது.

கோபானில் இருப்பது யானை அல்ல. பெரிய பஞ்சவர்ணக்கிளி! வளைந்து நீண்டது தும்பிக்கை அல்ல, கிளி மூக்கு. அந்தத் தூணில் உள்ள எழுத்தைப் படித்தபோது சந்தேகம் தீர்ந்தது. அதில் "கிளி மலை" என்றே வெட்டியிருந்தது!

ஏறும் கோவில், நுழையும் கோபுரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பாருங்கள். 11 நிலை. 192 அடி உயரம். திக்காலில் இருக்கும் மாயன் கோவில் ஒன்றும் கிட்டத்தட்ட அவ்வளவு உயரம்.

தூரத்திலிருந்து படம் எடுத்தால் இரண்டும் ஒரு மாதிரி தெரியும். கிட்டே போனால்தான் வித்தியாசம் தெரியும்.

நமது கோபுரம் ஒரு வாசல். அடியிலே நுழைந்து உள்ளே போகிறோம். சாமி உள்ளே தரையில் இருக்கிறார். மாயன் கோவிலோ ஒரு மேடை. உள்ளே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பி இருப்பார்கள். வெளியே படி. அந்தப் படியில் ஏறினால் உச்சியில் சிறிய கோவில். சிசேன் இட்சா என்ற இடத்தில் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி. மேல் மேடையையும் சேர்த்தால் 365. வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை!

இரண்டும் அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருப்பது ஏன்? உயரமாகக் கட்ட வேறு சுலபமான வழி கிடையாது. களத்தில் நெல்லைக் குவித்தாலும் அது அப்படித்தான் நிற்கும்.

வீட்டிலே அம்மி இருக்கிறது அல்லவா? மாயன் வீட்டிலும் அம்மி போன்ற கல்லும் குழவியும் உண்டு. தானியம் உள்ள இடமெல்லாம் அரைக்கும் கல் உண்டு. மெக்சிகோவில் பழங்காலத்தில் ஆடிய ஒரு கட்ட விளையாட்டு நம்முடைய சொக்கட்டானைப் போலவே இருக்கும். இதை வைத்தே 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் பெரிய வாதம் நடத்தினார்கள். பொழுது போகாத மனிதன் தரையில் கட்டம் போடுவதற்கு மற்றவன் வந்து சொல்லித்தர வேண்டுமா என்ன?

விதை சொல்லும் சாட்சி

கல் ஏமாற்றலாம். பெயர் ஏமாற்றலாம். ஏமாற்றாத சாட்சி ஒன்று உண்டு.

அது விதை!

ஊரைவிட்டு ஊர் போய்க் குடியேறுகிறவன் வெறுங்கையுடன் போகமாட்டான். விதை நெல் எடுத்துப்போவான். மாடு ஓட்டிப்போவான். அரிவாளும் கோடரியும் கொண்டுபோவான்.

தமிழர்கள் மாயன் நாட்டில் குடியேறியிருந்தால் அங்கே என்னென்ன இருந்திருக்க வேண்டும்? நெல், மிளகு, மாமரம், பசு, ஆடு, இரும்பு.

1492இல் கொலம்பஸ் போய்ச் சேரும்வரை மாயன்கள் நாட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை! மாயன்கள் இரும்பு உருக்கவில்லை. அத்தனை கோவில்களையும் கல் உளியால் செதுக்கினார்கள். பாரம் இழுக்க மாடு இல்லை. வண்டி இல்லை. எல்லாம் மனிதன் முதுகிலேயே ஏறியது. அதை நினைத்தால் அவர்கள் சாமர்த்தியம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

சரி, மாயன் இங்கே வந்திருந்தால்?

அவன் மக்காச்சோளம் கொண்டுவந்திருப்பான். அது இல்லாமல் அவனுக்கு வாழ்க்கையே கிடையாது. கடவுள் மனிதனை மக்காச்சோள மாவினால்தான் பிசைந்து செய்தார் என்று மாயன்களின் புராணமாகிய போபோல் வூ கூறுகிறது.

விருதுநகர் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் இன்று பார்க்கும் இடமெல்லாம் மக்காச்சோளம். பெயரைக் கேட்டால் மக்கா நகரத்துச் சோளம் போலத் தோன்றும். ஆனால் அது சுமார் 9 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ மண்ணில் மனிதன் பழக்கி எடுத்த பயிர்.

அது நம்மிடம் வந்தது கொலம்பசுக்குப் பிறகுதான். போர்த்துக்கீசியர் முதலிய ஐரோப்பியர் கப்பல்களில் வந்தது. மிளகாயும் அப்படியே. அந்தப் பெயரையே பாருங்கள். "மிளகு போலக் காரமான காய்" என்று பழைய பெயரை ஒட்டிப் புதுப் பெயர் வைத்தார்கள் நம் பாட்டிமார்கள். சங்ககாலத்துச் சமையலில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. கொய்யா, பப்பாளி, தக்காளி, முந்திரி, புகையிலை எல்லாம் அந்தக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிகள்.

மைசூர் அருகே சோமநாதபுரத்தில் 13ஆம் நூற்றாண்டுக் கோவில் ஒன்று இருக்கிறது. அங்குள்ள சிலைகள் கையில் வைத்திருப்பது மக்காச்சோளக் கதிர் என்று 1989இல் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் எழுதினார். இந்திய மக்காச்சோள விஞ்ஞானிகள் அதை மறுத்தார்கள். அது முத்துப் பதித்த கற்பனைக் கனி என்றார்கள். உண்மையில் அந்தக் காலத்தில் மக்காச்சோளம் விளைந்திருந்தால், மண்ணுக்கடியில் கருகிய மணியாவது, சக்கையாவது கிடைத்திருக்க வேண்டுமே!

நம் மாவட்டத்திலேயே வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை மண்ணைத் தோண்டிப் பார்த்தது. சங்கு வளையல், மணிகள், சுடுமண் பொம்மைகள் என்று எத்தனையோ கிடைத்தன. எல்லாம் இந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கதையைச் சொல்லும் பொருள்கள்.

ராஜபாளையத்துப் பஞ்சு

இப்போது பஞ்சுக் கதைக்கு வருவோம். இது ருசியான கதை.

ராஜபாளையம் 1936 முதல் நூல் மில் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறார்கள். பஞ்சு இல்லாமல் இந்த வட்டாரம் இல்லை.

பருத்தி இந்தியாவிலும் உண்டு. பழங்கால அமெரிக்காவிலும் உண்டு. அமெரிக்கப் பருத்தியை ஆராய்ந்தபோது ஓர் அதிசயம் தெரிந்தது. அது ஒரு கலப்புச் செடி! பாதி அமெரிக்கக் காட்டுப் பருத்தி. மறு பாதி, நம் கருங்கண்ணிப் பருத்திக்கு உறவான பழைய உலகத்துப் பருத்தி!

"அப்படியானால் யாரோ நம் ஊர்ப் பருத்தி விதையைப் படகிலே கொண்டுபோய் அங்கே விதைத்திருக்க வேண்டும்" என்று 1947இல் மூன்று பருத்தி விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதினார்கள். அன்றைக்கு இது பலமான வாதம்தான்.

பிறகு மரபணுவை ஆராயும் வித்தை வந்தது. கலப்பு நடந்து 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது. அப்போது உலகத்தில் நம்மைப் போன்ற மனிதனே பிறக்கவில்லை! விதை தானாகவே கடலில் மிதந்து போயிருக்கிறது.

இன்று இந்தியாவில் விளையும் பருத்தியில் பெரும்பகுதி அந்த மெக்சிகோ இனம்தான். ஒரு காலத்தில் "கம்போடியாப் பருத்தி" என்று சொல்லி நம் தெற்குச் சீமையில் விதைத்ததும் அந்த இனமே.

ஜார்ஜியாவில் நடந்தது

"நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம். அங்கே மலைச்சரிவில் பழைய கல்மேடுகள் இருக்கின்றன. "இது மாயன்கள் கட்டிய ஊர்" என்று 2011இல் ஒருவர் எழுதினார். மறு வருஷம் அதைப் படமாகவே எடுத்து டெலிவிஷனில் காட்டினார்கள்.

தொல்பொருள் அறிஞர்கள் திடுக்கிட்டார்கள். மாயன் பானை ஓடு ஒன்றுகூட அங்கே இல்லை. அந்தப் பகுதியில் மேடுகளையும் ஊர்களையும் அமைத்தவர்கள் கிரீக், செரோகி என்ற அந்த மண்ணின் சொந்தக் குடிகளுடைய முன்னோர்கள்.

அந்தக் குடிகளைத்தான் 1830களில் அமெரிக்க அரசாங்கம் ஊரைவிட்டே விரட்டியது. நிலம் போயிற்று. இப்போது பாட்டன் கட்டியதும் அவர்களுடையது அல்ல என்றால் எப்படி இருக்கும்?

தஞ்சைப் பெரிய கோவிலை வேற்றுக் கிரகத்தார் கட்டினார்கள் என்று சொல்லும் படங்களும் செல்போனில் வருகின்றன. நமக்குக் கோபம் வருகிறதா இல்லையா? கட்டியவன் குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டே சொல்லும்போது, கோபம் வரத்தான் செய்யும்.

மாயன் கோவிலைத் தமிழன் கட்டினான் என்று நாம் சொன்னால் குவாதமாலாக் கிராமத்துப் பாட்டிக்கும் அந்தக் கோபம்தான் வரும். "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பரிமாறுவது நமக்கு அழகா?

தமிழன் போன இடங்கள்

தமிழன் கடல் கடக்காதவனா? கடந்தவன்தான். அதற்கு நல்ல சாட்சிகளே இருக்கின்றன.

எகிப்து நாட்டின் செங்கடல் கரையில், குசேர், பெரனிகே என்ற பழைய துறைமுகங்களில் பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள். சாதன் என்று ஒரு பெயர். கணன் என்று ஒரு பெயர். பெரனிகேக் கோவில் ஒன்றில் பெரிய ஜாடி நிறைய மிளகு! ஏழரைக் கிலோ! 2 ஆயிரம் ஆண்டுகளாக அப்படியே இருந்தது.

எழுத்து, பானை, மிளகு. மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன.

நியூசிலாந்தில் சுமார் 1836இல் ஒரு பாதிரியார் வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கண்டார். மவோரி இனப் பெண்கள் அதில் கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். புரட்டிப் பார்த்தால் அது ஒரு மணியின் மேல்பாகம்! அதன்மேல் தமிழ் எழுத்து! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பல் மணி அது. இப்போது வெலிங்டன் நகரக் கண்காட்சிச் சாலையில் இருக்கிறது.

தமிழ் எழுத்தோடு மணியே கிடைத்தும், "தமிழர்கள் நியூசிலாந்தில் குடியேறினார்கள்" என்று அறிஞர்கள் சொல்லவில்லை. ஒரு மணி மட்டும் போதாது என்கிறார்கள். கப்பல் உடைந்து மிதந்து வந்திருக்கலாம் அல்லவா?

கொலம்பசுக்கு முன்பே அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்தவர்கள் உண்டு. கிரீன்லாந்துப் பக்கமிருந்து போன வைக்கிங்குகள். கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் அவர்கள் போட்ட வீடுகளின் அடித்தளத்தை 1960களில் தோண்டி எடுத்தார்கள். இரும்பு ஆணி கிடைத்தது. இரும்புக் கோடரியால் வெட்டிய மரத்துண்டுகள் கிடைத்தன. மரம் வெட்டிய ஆண்டு கி.பி. 1021 என்று 2021இல் கணக்கிட்டுவிட்டார்கள்!

வைக்கிங்குகள் அங்கே தங்கியது கொஞ்ச காலம்தான். அதற்கே இத்தனை தடயம்.

மீண்டும் திண்ணை

சேத்தூர்த் திண்ணைக்குத் திரும்புவோம்.

மாயன் வீட்டில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேக வைத்து ஊறப் போடுவார்கள். தோல் கழன்றுவிடும். மாவு நன்றாக வரும். சத்தும் கூடும். இந்தப் பக்குவம் விதையோடு நம் ஊருக்கு வரவில்லை. வந்தது வேறொன்று. அமெரிக்கக் கண்டத்தில் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு, 2018இல் நம் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. எத்தனையோ விவசாயிகள் அந்த வருஷம் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

புழுவுக்குத் தப்பிய கதிர் ஒன்றைப் பாட்டி அடுப்புத் தணலில் சுடுகிறாள். மணி மணியாக வெடிக்கிறது. மிளகாய்ப் பொடியும் உப்பும் தடவிப் பேரனிடம் நீட்டுகிறாள்.

அவன் கையில் இருக்கும் கதிர் மெக்சிகோ. பொடியும் மெக்சிகோ. உப்பு மட்டும் தூத்துக்குடி!